வடிவம் அறிந்து காண்போம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம் ஆகியவற்றின் வகைகளும் வடிவங்களும்" என்ற பொருளைப் பற்றிப் பேசுமாறு மன்றச் செயலாளர் என்னைப் பணித்தார். சமய மன்றத்தின் மேடையில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். இன்று நம் வீடுகளிற் புராணம் படிக்கும் குரலிலும் பார்க்கத் திரையின் குரலே உரத்துக் கேட்கின்றது. அந்தக் குரல் எத்தகையது, யாருடையது, எதற்காக எழுவது என்று அறிந்துகொள்வது நமக்கு அவசியம் என்று கருதியே இதனை எடுத்துக்கொண்டேன்.

முதலில் வகை, வடிவம் என்ற இரு சொற்களையும் விளக்கிவிடுகிறேன். நகைச்சுவை, துப்பறியும் கதை, புராணக் கதை, சமூகக் கதை என்பன வகைகள். ஒரு கதை நம் உள்ளத்தில் என்ன எதிர்பார்ப்பை எழுப்புகிறது என்பதைக் கொண்டு வகை அமையும். அரைமணி நேரச் செய்தி, பதினைந்து நிமிடத் தொடர்நாடகம், முப்பது விநாடி விளம்பரம் என்பன வடிவங்கள். எவ்வளவு நேரம், எந்த ஒழுங்கில், எந்தக் குரலில் என்ற ஏற்பாடே வடிவம். ஒரே வகை பல வடிவங்களில் வரலாம். ஒரே வடிவம் பல வகைகளைத் தாங்கலாம்.

இவை மேல்நாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று வகுத்தபோது செய்தது இதுவே. முல்லை நிலமும் மாலைப் பொழுதும் பாட்டில் வந்தவுடனே காத்திருக்கும் தலைவியை நாம் எதிர்பார்க்கிறோம். மெய்ப்பாட்டியலில் நகையும் அழுகையும் அச்சமும் உவகையும் உள்ளிட்ட எண்வகை மெய்ப்பாடுகளை அவர் பிரித்து ஓதினார். பிற்காலத்திலே பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் என்றும், குறவஞ்சியில் தலைவன் உலா வரவேண்டும், தலைவி மையல் கொள்ளவேண்டும், குறத்தி வந்து குறி சொல்லவேண்டும் என்றும் ஒழுங்கு விதித்தார்கள். மட்டக்களப்பிலே கூத்துப் பார்க்கப் போகிறவர், அது வடமோடியா தென்மோடியா என்பதை ஆட்டத்தைக் கொண்டும் உடையைக் கொண்டும் உடனே சொல்லிவிடுவார்.

இந்த அறிவினால் என்ன பயன்? முக்கூடற் பள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலே மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் சண்டை பிடிக்கும்போது ஒருத்தி மற்றவளின் தெய்வத்தையே ஏசுகிறாள். சிவனும் தப்பவில்லை, திருமாலும் தப்பவில்லை. ஆயினும் அதைப் படித்த சைவரோ வைணவரோ நூலைத் தீயிலிடவில்லை. பள்ளு என்றால் சக்களத்திச் சண்டை வரும், சண்டையில் ஏச்சு வரும், முடிவிலே சமாதானம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். படைப்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையே எழுதாத உடன்படிக்கை ஒன்று இருந்தது. வகை என்பது அந்த உடன்படிக்கைதான். அதை அறியாதவன் விளையாட்டை வினையென்று கொள்வான். வினையை விளையாட்டென்றும் கொள்வான்.

அடுத்ததாக, வடிவத்துக்குச் சாதி சமயம் இல்லை என்பதைக் கூற விரும்புகிறேன். அது கைமாறிச் செல்லும் இயல்புடையது. நான் மிசன் பாடசாலையிலே கற்றவன். அங்கே ஞாயிறுதோறும் பாதிரியார் செய்யும் பிரசங்கமும், வினாவும் விடையுமாக அமைந்த ஞானோபதேச நூலும் எனக்குப் பழக்கமானவை. அவற்றின் அமைப்பை நமது சமயத்துக்குக் கொண்டுவந்து பெரும் பயன் விளைத்தவர் யாரென்று இச்சபைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுகநாவலர், 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. பின்னர் சைவ வினாவிடை எழுந்தது. வடிவம் அவர்களுடையது, பொருள் நம்முடையது. இன்று நான் இங்கே நின்று பேசுவதுங்கூட அந்த வழியில் வந்த வழக்கமே.

திரைப்பட உலகிலும் இத்தகைய கைமாற்றம் ஒன்று நிகழ்ந்தது. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி பரிஸ் நகரிலே லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டினார்கள். தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறுவது ஒரு படம். தோட்டக்காரன்மீது தண்ணீர் பாய்ச்சும் குறும்பு இன்னொரு படம். உண்மைப் படம், நகைச்சுவைப் படம் என்ற இரு வகைகளும் அந்த ஒரே இரவிலே பிறந்துவிட்டன எனலாம். சில ஆண்டுகளின் பின் பம்பாயிலே யேசுநாதரின் வாழ்க்கைப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் தாதாசாகேப் பால்கே. திரையிலே கிறிஸ்துவைக் கண்ட அவருடைய மனக்கண்ணிலே கண்ணனும் இராமனும் தோன்றினார்கள் என்று பின்னர் அவரே எழுதியிருக்கிறார். அதன் விளைவாக 1913இல் "ராஜா அரிச்சந்திரா" வெளிவந்தது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் ஒரு புராணப் படமாக அமைந்தது தற்செயல் அன்று. அரிச்சந்திரன் கதையை அறியாதவர் எவருமில்லை. படம் ஊமையாயினும் கதை ஊமையாகவில்லை. நமது ஊரிலும் வி. வி. வைரமுத்து அவர்களின் மயானகாண்டத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்கள், முடிவு தெரியாமலா பார்த்தார்கள்? தெரிந்த கதையை எவ்வாறு காட்டுகிறான் என்பதிலேதான் புராண வகையின் சுவை இருக்கிறது.

வடிவம் மாறும்போது உள்ளிருக்கும் பொருளும் மாறிவிடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. நந்தனார் கதையை நம்மிற் பலர் எவ்வாறு அறிந்திருக்கிறோம்? தில்லைக்குப் போகவேண்டுமென்று நந்தனார் கெஞ்சுகிறார். பண்ணைக்கார வேதியர் மறுக்கிறார். வயல் வேலையை முடித்துவிட்டுப் போ என்று கட்டளையிடுகிறார். அந்த வேலை இறைவன் அருளால் நிறைவேறுகிறது. இதைப் பெரியபுராணக் கதையென்றே பலர் சாதிப்பார்கள். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்திலே அந்த வேதியர் இல்லை. ஆதனூரிலே கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்து வாழ்ந்தவராகவே நந்தனாரைச் சேக்கிழார் காட்டுகிறார். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவர் நாட்கழிப்பது தம் குலத்தை எண்ணிய தயக்கத்தினாலேயே.

பின்னே, வேதியர் எங்கிருந்து வந்தார்? 19ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைச் சரித்திரக் கீர்த்தனையாகப் பாடியபோது வந்தார். கதாகாலட்சேபம் என்ற வடிவத்துக்கு எதிரும் புதிருமாக இரு குரல் வேண்டும். மன்றாடுபவன் ஒருவன், மறுப்பவன் ஒருவன் என்று இருந்தால்தான் பாட்டுக்கு உருக்கம் பிறக்கும். திரைப்படத்துக்கு அந்த மோதல் அதிலும் அவசியம். 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த "பக்த நந்தனார்" படத்திலே மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக வந்தார். 1942இல் ஜெமினி நிறுவனம் எடுத்த படத்திலே தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். அங்கும் வேதியர் இருந்தார். கீர்த்தனையும் படமும் செய்த மாற்றத்தினால் தீண்டாமையின் கொடுமை மக்கள் கண்ணீரோடு உணரும் ஒன்றாயிற்று என்பதை நான் மறுக்கவில்லை. அது பெரும் பணியே. ஆனால் இது சேக்கிழார் வாக்கு, இது பாரதியார் வாக்கு, இது படமுதலாளி செய்த ஏற்பாடு என்று பிரித்தறியும் ஆற்றல் நமக்கு இல்லாவிட்டால், நாளைக்கு எவரும் எதையும் நமது புராணமென்று நமக்கே விற்றுவிடலாம் அல்லவா?

விற்பனை என்ற சொல் வந்தபடியால் வானொலிக்கும் விளம்பரத்துக்கும் வருகிறேன். அமெரிக்காவிலே 1930ஆம் ஆண்டுகளில், பகற்பொழுதிலே வீட்டுப் பெண்களுக்கென்று வானொலித் தொடர்நாடகங்கள் தோன்றின. அவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் சவர்க்காரக் கம்பெனியார். 1933இல் தொடங்கிய "மா பேர்க்கின்ஸ்" என்ற தொடர் ஒரு சவர்க்காரத் தூளை விற்பதற்கென்றே எழுந்தது. அதனாலே அவ்வகை நாடகங்களுக்குச் சவர்க்கார நாடகம் என்ற பரிகாசப் பெயர் நிலைத்தது. இத்தகைய தொடர்களிலே கதை ஏன் முடிவதேயில்லை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. நாளையும் சவர்க்காரம் விற்கவேண்டும். ஆகவே நாளையும் கதாநாயகி அழவேண்டும். வடிவத்தின் காரணம் கதைக்குள் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

நமது நாட்டு வானொலிக்கும் இதிலே பெரிய பங்குண்டு. 1925இல் கொழும்பிலே தொடங்கிய ஒலிபரப்பு, பிற்காலத்தில் ரேடியோ சிலோன் என்ற பெயர் பெற்று, 1950இல் வர்த்தக சேவையை ஆரம்பித்தது. 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலே திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தினார். பாட்டுக்கு ஏங்கிய பாரத நாட்டு மக்கள் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கையைத் தேடினார்கள். அவ்வாண்டின் இறுதியிலே பினாக்கா என்ற பற்பசையின் பெயரைத் தாங்கி "பினாக்கா கீத்மாலா" தொடங்கியது. அமீன் சயானி என்பவர் பாடல்களை வரிசைப்படுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தார். எந்தப் பாட்டு முதலிடம் பெறும் என்ற ஆவலே நிகழ்ச்சியின் உயிர். ஈற்றில் 1957இல் இந்திய அரசு விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. மக்களுக்கு வேண்டிய வடிவத்தைத் தடைசெய்தால், அவர்கள் அதை அடுத்த வீட்டிலே போய்க் கேட்பார்கள் என்பது இதிலே பெரியோர்களுக்கு உள்ள பாடம். பாட்டைக் கேட்டோம் என்று நாம் நினைத்தபோது, பற்பசையின் பெயரையும் சேர்த்து மனப்பாடம் செய்தோம் என்பது இளைஞர்களுக்கு உள்ள பாடம்.

வானொலி நாடகத்திலே முகம் இல்லை. குரல்தான் முகம். ஆகவே பாத்திரங்களைப் பேச்சு வழக்கினாலே வேறுபடுத்த வேண்டியிருந்தது. "கோமாளிகளின் கும்மாளம்" என்ற நாடகத்திலே பல்வேறு பிரதேசத்து வழக்குகள் மோதிச் சிரிப்பை எழுப்பியது அதனாலேதான். அது 1976இல் "கோமாளிகள்" என்ற திரைப்படமாகவும் வந்தது. மேடையிலே இலக்கண வசனம் பேசிய காலத்தில் நம் வீட்டுத் தமிழுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது இலங்கை வானொலி நாடகம். ஒரு வடிவத்தின் குறைபாடே அதன் சிறப்பாகவும் மாறும் என்பதற்கு இஃது உதாரணம்.

விளம்பரம் என்றாலே பொய் என்று சொல்லிவிட முடியுமா? 1934இல் வெளிவந்த "சோங் ஒஃப் சிலோன்" என்ற படத்தைப் பாருங்கள். இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை பணம் கொடுத்தது. ஜோன் கிரியர்சன் தயாரித்தார். பசில் றைற் என்ற இளைஞர் இங்கு வந்து படம்பிடித்தார். தேயிலையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தும் சிறு படங்களாக எண்ணிய முயற்சி நான்கு பகுதிகொண்ட ஒரே படமாக முடிந்தது. 1681இல் றொபேட் நொக்ஸ் எழுதிய நூலின் பகுதிகளை லயனல் வென்ற் வாசித்தார். 1935இல் பிரசல்ஸ் நகரத் திரைப்பட விழாவிலே முதற் பரிசும் கிடைத்தது. விவரணப் படம் என்ற வகையின் சிகரங்களுள் ஒன்றாக இன்றும் அதைப் போற்றுகிறார்கள். அதன் மூன்றாம் பகுதியிலே உழைக்கும் மக்களின் உருவங்களின்மேல் சந்தை விலையும் வியாபாரக் குரல்களும் ஒலிக்கின்றன. பணம் கொடுத்தவனின் வேலைக்குள்ளேயே கலைஞன் ஒரு கேள்வியையும் வைத்துவிட்டான்.

எனினும் அந்தப் படத்தைப் பார்த்து முடித்தவன், கொழுந்து பறித்த கைகள் எங்கிருந்து வந்தன, மாலையில் அவை எந்த லயத்துக்குத் திரும்பின, அங்கே அடுப்பு எரிந்ததா என்று அறியமாட்டான். அழகான புத்த சிலைகளும் மலைகளும் நெஞ்சில் நிற்கும். மலையகத் தமிழனின் வாழ்வு நிற்காது. படத்திலே பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதே அதிகம். விளம்பரத்தின் இயல்பு அது. விவரணம் என்ற கௌரவமான உடை அணிந்தாலும் அந்த இயல்பு முற்றிலும் மறைவதில்லை.

உடை மாறாட்டத்துக்குப் பேர்போன கதை ஒன்று உண்டு. 1938ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி அமெரிக்க வானொலியிலே ஓர்சன் வெல்ஸ் என்ற இளம் நடிகர், எச். ஜி. வெல்ஸ் எழுதிய "உலகங்களின் போர்" என்ற நாவலை நாடகமாக ஒலிபரப்பினார். செவ்வாய்க் கிரகத்தவர் பூமிமீது படையெடுக்கும் கற்பனைக் கதை அது. நாடகத்தை அவர் நாடகமாக அமைக்கவில்லை. இசை நிகழ்ச்சி போய்க்கொண்டிருக்கும். இடையிலே நிறுத்திச் செய்தி அறிவிப்பு வரும். நிருபர் சம்பவ இடத்திலிருந்து மூச்சுவாங்கப் பேசுவார். தொடக்கத்திலே இது நாடகம் என்று அறிவித்தார்கள். ஆனால் பலர் அந்நேரம் வேறொரு நிலையத்திலே கோப்பிக் கம்பெனியின் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்து, இடையிலே முள்ளைத் திருப்பினார்கள். வெல்ஸின் நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் எவரும் இல்லாதபடியால், ஏறக்குறைய நாற்பது நிமிடம் வரை இடைவேளையும் வரவில்லை. கேட்டவர்களிற் சிலர் உண்மையென்று நம்பி அஞ்சினார்கள்.

கதையின் மிகுதியையும் கேளுங்கள். மறுநாட் பத்திரிகைகள் நாடே கலங்கி ஓடியதாகக் கொட்டை எழுத்திலே எழுதின. அந்தப் பீதி மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார்கள். வானொலி தம் வருமானத்தைப் பறிக்கின்றதே என்ற மனத்தாங்கல் பத்திரிகைகளுக்கு இருந்தது. செய்தியின் உடையை அணிந்த நாடகம் சிலரை ஏமாற்றியது. நாடகத்தின் சுவையை ஏற்றிக்கொண்ட செய்தி நெடுங்காலம் எல்லோரையும் ஏமாற்றியது.

இன்று நம் கைத்தொலைபேசியிலே நாள்தோறும் நிகழ்வது இதுவே. செய்தி போன்ற தலைப்போடு மருந்து விளம்பரம் வருகிறது. நண்பன் பேசுவது போன்ற குரலிலே வியாபாரி பேசுகிறான். எங்கோ எப்போதோ எடுத்த காட்சியை, நேற்று நம் அயலூரில் நடந்ததென்று அனுப்புகிறார்கள். இல்லாத மனிதனின் முகத்தையும் குரலையும் கணினி உருவாக்கித் தருகிறது. இனத்துக்கும் இனத்துக்கும், சமயத்துக்கும் சமயத்துக்கும் இடையே பகை மூட்டுவதற்கு இதைவிட இலகுவான கருவி முன்னெப்போதும் இருந்ததில்லை. கலவரங்களின் தழும்பு மாறாத நாடு இது. வதந்தி உடுத்தியிருக்கும் உடையைக் கண்டறிவது இங்கே உயிர்காக்கும் அறிவு.

தொலைக்காட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கைக்கு அது 1979இலே வந்தது. 1982இல் ரூபவாகினி தொடங்கியது. 1987 சனவரி முதல் 1988 யூலை வரை இந்தியத் தூரதர்சனிலே ராமானந்த் சாகரின் "ராமாயண்" ஞாயிறு காலைகளில் 78 வாரப் பகுதிகளாக வந்தது. பெட்டிக்கு மாலையிட்டுக் குளித்து முழுகி அமர்ந்து பார்த்தவர்கள் பலர். வீட்டுக் கூடம் கோயிலானது என்று மகிழலாம். அதேவேளை, எத்தனையோ மொழிகளில் எத்தனையோ விதமாகப் பாடப்பட்ட இராமகதை, ஒரே முகமும் ஒரே குரலும் கொண்டதாகக் குழந்தைகளின் மனத்திலே பதிந்தது. கம்பனின் இராமனுக்கு நம் பிள்ளைகளின் நெஞ்சிலே இடம் உண்டா என்று கேட்கவேண்டிய பொறுப்பு நம்முடையது. தொலைக்காட்சி அந்தக் கேள்வியைக் கேட்காது.

அன்பர்களே, பெரியோரிற் சிலர் "இவையெல்லாம் கெடுதி, மூடிவையுங்கள்" என்கிறார்கள். இளைஞரிற் சிலர் "இது வெறும் பொழுதுபோக்கு, இதிலே ஆராய என்ன இருக்கிறது" என்கிறார்கள். இரு சாராருக்கும் வணக்கத்துடன் ஒன்று கூறுவேன். மூடிவைத்தவன் அறியாமலே ஏமாறுவான்; ஆராயாதவன் சிரித்துக்கொண்டே ஏமாறுவான். நாவலர் பெருமான் அந்நியருடைய வடிவத்தை வெறுத்து ஒதுக்கவுமில்லை. அதிலே மயங்கி அமிழ்ந்துபோகவுமில்லை. அதன் உறுப்புகளை அறிந்தார், ஆண்டார்.

ஆகவே மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் செய்கிறேன். மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனை முடிந்தபின், ஒரு படத்தின் பகுதியையோ ஒரு செய்தியையோ ஒரு விளம்பரத்தையோ நாம் கூடியிருந்து பார்ப்போம். பார்த்தபின் நான்கு கேள்விகள் கேட்போம். இது எந்த வகை என்று சொல்லி நம்மிடம் வருகிறது? உண்மையிலே எந்த வகை? இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? இது சொல்லாமல் விட்டது என்ன? பெரியோர்கள் மூலநூலைக் கையிலே கொண்டு வரட்டும். இளைஞர்கள் தொழில்நுட்பத்தை விளக்கட்டும். பேரனுக்குப் பெரியபுராணம் தெரியவரும். பாட்டனுக்குக் கைத்தொலைபேசியின் சூது தெரியவரும். தலைமுறைகள் ஒன்றையொன்று குறைசொல்லிக்கொண்டிருப்பதிலும் பார்க்க இது நல்லது.

நல்ல நாடகத்தைக் கண்டு அழுவோம்; நல்ல நகைச்சுவைக்கு வாய்விட்டுச் சிரிப்போம்; நல்ல பொருளென்று தெரிந்தால் பணம் கொடுத்து வாங்குவோம். எதற்கு அழுகிறோம், எதற்குச் சிரிக்கிறோம், எதை வாங்குகிறோம் என்று அறிந்தே அவற்றைச் செய்வோம்.